எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு

தேனியிலிருந்து தொப்பி மூட்டை வந்து இறங்கியபோது ராஜாத்தி வாசலில் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தாள். வெள்ளைத் தொப்பிகள். முன்பக்கம் பச்சை எழுத்தில் ‘கள்ளச்சாராயம் ஒழிப்போம்’ என்று போட்டிருந்தது.

காமயகவுண்டன்பட்டியில் கடைசியாகச் சாராயம் காய்ச்சிய மனிதர் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அவருடைய மகன் கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இல்லாத சாராயத்தை ஒழிக்க இன்றைக்கு ஊரில் பேரணி. அரசு நிதியில் நடக்கிற பேரணி என்பதால் பந்தல், மைக்செட், ஜீப், சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றுக்கும் குறைவில்லை.

ராஜாத்திக்கு இப்போதெல்லாம் சரியாகத் தூக்கம் வருவதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். கம்பம் ரோட்டில் இருக்கிற சர்க்கார் மதுக்கடை இடம் மாறி இந்த ஊருக்கு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஊர்ப் பெண்கள் அம்மன் கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால் ராஜாத்தியின் மாமியார் அக்கம்மாள், மாதர் மன்றத்தின் தலைவி, சூடத்தை ஏற்றி வைத்தாள். “நான் உசுரோட இருக்குற வரைக்கும் ஒயின்ஷாப்பு இந்த ஊர் எல்லைக்குள்ள வராது” என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். பெண்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அக்கம்மாளின் மகன் கர்ணன்தான் மன்றத்துக்குச் செயலாளர். ராஜாத்தியின் புருஷன். “கடை வருதுங்கிறது எல்லாம் வதந்தி” என்றான். சொன்ன கையோடு, மன்றத்தின் பழைய கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டான். திராட்சை வியாபாரி ஒருவர் பெட்டி அடுக்கி வைக்க வாடகைக்குக் கேட்டாராம். ராஜாத்தி நம்பினாள். புருஷன் சொன்னதை நம்புகிற வியாதி அவளுக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை.

வீட்டுக்குள்ளே அக்கம்மாள் கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கர்ணன் எதிரே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“ஆத்தா, மைக்க வாங்குனதும் மொதல்ல அதிகாரிக்கு வணக்கம் சொல்லணும். பெறகு அரசாங்கத்துக்கு நன்றி. கடைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது.”

“வேற என்னத்தடா பேசுறது?”

“கள்ளச்சாராயத்தப் பத்திப் பேசு.”

“அத எவன்டா இப்பக் காய்ச்சுறான்?”

“காய்ச்சாட்டி என்ன, விழிப்புணர்வு வேணும்ல? அதுக்குத்தான நிதி குடுக்குறாக. மெட்ராஸ்ல இருந்து அதிகாரி நேர்ல வாராக. இன்னைக்கு அவுக மனசு குளுந்தாத்தான் வர்ற மூணு வருசத்துக்கும் நமக்கு ஓடும்.”

அக்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். “மேடையில எனக்கு நாற்காலி எங்கன போட்டுருக்காக? நடுவுலயா, ஓரத்துலயா?”

தொப்பி மூட்டையோடு உள்ளே வந்த ராஜாத்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பொம்பளை ஒரு காலத்தில் சாராயக்கடை வாசலில் பாயை விரித்துப் படுத்தவள். போலீஸ்காரர் லத்தியால் தட்டியபோது, “தட்டுறதத் தட்டு சாமி, எந்திரிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டவள். இன்றைக்கு நாற்காலி நடுவிலா ஓரத்திலா என்று கேட்கிறாள்.

“ராசாத்தி, திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ப் பொம்பளைகளக் கூட்டிட்டு வா” என்றான் கர்ணன். “அரை நாள் கூலி குடுத்துருவோம்னு சொல்லு. தொப்பி கட்டாயம் போட்டுக்கிறணும். போட்டோ எடுப்பாக.”

முன்பெல்லாம் கூலியும் இல்லை, தொப்பியும் இல்லை. ஒரு பானை இருந்தது.

மன்றம் தொடங்கிய புதிதில், சமைக்க அரிசி அளக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ராஜாத்தி மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். ஆனால் யாரும் சும்மா போட்டுவிட மாட்டார்கள். கையில் அரிசியை அள்ளிக்கொண்டு வந்து, பானைக்கு மேலே பிடித்தபடி, இந்த வாரச் சண்டை யாரோடு என்று கேட்பார்கள்: “யாரு மேல?”

“சாராயக் கடை மேல” என்பாள் ராஜாத்தி. அரிசி விழும். கூலியைக் குறைத்த தோட்டக்காரர் மேல, பள்ளிக்கூடத்துக்கு வராத வாத்தியார் மேல. அரிசி விழும். அந்த அரிசியை விற்றுத்தான் தேனிக்குப் பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். அந்த அரிசியில்தான் கொட்டகையும் எழுந்தது. ஆற்றிலிருந்து கல்லையும் மணலையும் பெண்களே தலையில் சுமந்தார்கள்.

ஒரே ஒரு வாரம் பானை காலியாகத் திரும்பியது. கோயில் மரியாதையில் பங்காளி வீட்டோடு ஏற்பட்ட சண்டையை அக்கம்மாள் மன்றத்துச் சண்டையாக்கப் பார்த்தாள். “இது ஒங்க வீட்டுக் கணக்கு ஆத்தா, எங்க அரிசி இதுக்கு இல்ல” என்று பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அக்கம்மாள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் அந்தச் சண்டையை விட்டுவிட்டாள். மன்றம் யாருடையது என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு நிதி வந்தது. கம்பத்தில் ஆபீஸ், கம்ப்யூட்டர், ஜீப். “வீடு வீடா அரிசி வாங்குறது பிச்சை எடுக்குற மாதிரி இருக்கு” என்று கர்ணன் பானையை நிறுத்தினான். கர்ணன் சொன்னதில் நியாயம் இருப்பதாக அப்போது எல்லோருக்கும் பட்டது. ஆறு மாதத்தில் பாட்டு மாறியது. கடையைப் பூட்டச் சொன்ன கும்மிப் பாட்டில் அந்த அடியை மட்டும் எடுத்துவிட்டார்கள். போன மாதம் மயிலாடும்பாறையில் தெருக்கூத்து போட்டபோது, மூஞ்சியில் கரி பூசிய சாராய வியாபாரியைச் செருப்பால் அடிக்கிற காட்சிக்கு ஏகப்பட்ட கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் பாதிப்பேர் சர்க்கார் கடையிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள். அந்த வாடையில், கூத்தில் நடித்த ராஜாத்திக்கு வசனம் மறந்துபோனது. அதிகாரிகள் அதையும் வெற்றி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே பெண்கள் குனிந்து கொத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி ராஜாத்தியைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள். மன்றத்துக்கு முதல் பிடி அரிசி போட்டவள் அவள். அவளுடைய புருஷன் சின்னக்கருப்பு பெரிய குடிகாரன். போன சித்திரையில் கோயிலில் சூடம் அணைத்துக் குடியை விட்டவன். கடை தூரத்தில் இருப்பதால் சத்தியம் தாக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

“தொப்பி போடவா மதினி கூப்புட வந்தீக?”

“அரை நாள் கூலி தாராக முத்துலட்சுமி.”

“கூலிக்குக் களை எடுக்கலாம், கொத்து வெட்டலாம். கூலிக்குக் கத்துனா எனக்குத் தொண்டையில சத்தம் வர மாட்டேங்குது.” முத்துலட்சுமி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “அதக் கூட விடுங்க. நம்ம கொட்டகையில யாரு மதினி குடிவந்துருக்கா?”

“யாரோ திராட்சை யாவாரி. பெட்டி அடுக்குறாரு.”

“திராட்சைப் பெட்டி சிலுங்கு சிலுங்குன்னு சத்தம் போடுமா?”

ராஜாத்தி கையோடு எடுத்து வந்த கொஞ்சம் தொப்பிகளைக் கீழே வைத்தாள்.

“வெடியக் காலையில லாரியில வந்து எறங்குச்சு. எங்க வீட்டுக்காரரு வாசல்ல ஒக்காந்து அதவே பாத்துக்கிட்டு இருந்தாரு. டீ ஆறிப் போச்சு, குடிக்கல. சாயங்காலம் தொறப்பாகளாம். தோட்டத்துல கூலி வாங்குனா, வீட்டுக்குப் போக அந்தக் கொட்டகையத் தாண்டித்தான போகணும்? அவரு தாண்ட மாட்டாரு மதினி. எனக்குத் தெரியும்.” அவளுடைய குரல் உடையவில்லை. அதுதான் ராஜாத்தியை அறுத்தது. “அக்கம்மா ஆத்தாகிட்டச் சொல்லுங்க. அவுக வந்து வாசல்ல ஒக்காந்தாப் போதும். ஒருத்தனும் தொறக்க மாட்டான்.”

ராஜாத்தி தொப்பிகளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். நடை பாதியில் ஓட்டமானது.

கொட்டகை பளீரென்று வெள்ளையாக நின்றது. முன்பக்கச் சுவரை இடித்து இரும்புக் கம்பிக் கூண்டு வைத்து, ஒருவன் பற்றவைத்துக் கொண்டிருந்தான். கூண்டின் நடுவே ஒரு கை மட்டும் போய் வருகிற அளவில் சந்து விட்டிருந்தார்கள். மேலே பெயர்ப்பலகையைச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். உள்ளே கூரை முட்ட அட்டைப் பெட்டிகள்.

“யாருங்க, வேலை நடக்குதுல்ல, தள்ளிப் போங்க” என்றான் பற்றவைக்கிறவன். அவள் தலையில் சுமந்து வந்த கல்லின் மேல் நின்றுகொண்டு சொன்னான்.

சுவரோரம் அந்தப் பானை கிடந்தது. அதற்குள் சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையையும் அதிலேயே போட்டு வைத்திருந்தார்கள். வாயோரம் எவனோ பீடியை அணைத்து எறிந்திருந்தான்.

ராஜாத்தி குனிந்து பீடித் துண்டை எடுத்து எறிந்தாள். இவ்வளவு கேவலமாக ஒரு இடத்தை ஆக்க முடியுமா என்று நினைத்தாள். குடிகாரன் குடித்துவிட்டு வந்து அடித்தால் அதில் ஒரு கோபம் வரும், அழுகை வரும். இது அருவருப்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைச் சுத்தம் செய்யும்போது வருகிற அருவருப்புக்காவது ஒரு இரக்கம் துணைக்கு வரும். இதற்கு அதுவும் இல்லை.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் மகன் என்றும் பார்க்க மாட்டாள். சூடம் அணைத்த கை.

வீட்டில் அக்கம்மாளுக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாத்தி எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். கர்ணன் மட்டும் போகவில்லை.

“அத்தை, கடை நம்ம கொட்டகையிலதான் வருது. சரக்கு எறங்கிருச்சு. சாயங்காலம் தொறக்குறாக.”

அக்கம்மாள் பொன்னாடையின் சுருக்கத்தை நீவினாள். மகனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னாள்.

“எல்லைக்கல்லுக்கு அங்கிட்டுத்தான இருக்கு?”

ராஜாத்திக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கொட்டகை இருக்கிற நிலம் மாமனார் வாங்கிப்போட்ட தரிசு. ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி நாலு எட்டு. சாமி கும்பிடும்போது எல்லை கட்டுவது கல்லோடு சரி. அங்கிட்டு நடப்பதற்கு அம்மன் பொறுப்பில்லை.

“ஊர் எல்லைக்குள்ள வராதுன்னுதான ஆத்தா சத்தியம் பண்ணுச்சு?” என்றான் கர்ணன். “சத்தியம் தப்பல. அதயெல்லாம் யோசிச்சுத்தான் எடம் பாத்தோம்.”

“பாத்தோமா? அத்தையுமா?”

“கடை எங்கனயாச்சும் வரத்தான்டி போகுது” என்றாள் அக்கம்மாள். “வேணாம்னு நம்ம ஒக்காந்தா அடுத்த மாசமே நிதிய நிறுத்துவாக. ஆபீசப் பூட்டணும். ஒன் புருசன் ரோட்டுல நிக்கணும். நானும் எத்தன வருசந்தான் வெயில்ல கெடக்க? அடி வாங்குனவளுக்கு வயசாகாதா? இப்பத்தான் நாலு பேரு மதிச்சு நாற்காலி போடுறாக. கடையத் தடுக்க முடியாட்டியும், மன்றமாச்சும் நிக்கட்டும்.”

“எதுக்கு நிக்கணும் அத்தை?”

அக்கம்மாள் மறுபடி பொன்னாடையை நீவினாள்.

“மன்றம் எதுக்கு நிக்கணும்? தொப்பி போடவா?”

“ஏய், வாயக் கொறச்சுப் பேசு” என்று கர்ணன் குறுக்கே வந்தான். “அரசாங்கக் காச வாங்கிக்கிட்டு அரசாங்கக் கடையத் திட்ட முடியுமா? யாரு சோத்தத் திங்குறோம்னு நெனப்பு இருக்கட்டும்.”

“முன்னாடி யாரு சோத்தத் தின்னோம்னு ஒங்களுக்கு நெனப்பு இருக்கா?” என்றாள் ராஜாத்தி. அவன் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவளே துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. தன் கையால் அதைத் தொட்டதே அவளுக்குக் கூசியது.

அக்கம்மாள் வலது உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தக் கையில் பழைய சூடத் தழும்புகள் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கிறது. கடைசிப் புண் மட்டும் இன்னும் பொருக்குத் தட்டாமல் இருந்தது.

“பேரணி கிளம்பணும். அதிகாரி வந்துட்டாக” என்று யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

“பாத்துச் சூதானமா நடந்துக்க” என்று கர்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “இன்னைக்கு ஏதாச்சும் ஆச்சு, ராத்திரி நீ இந்த வீட்டுல இருக்க மாட்ட.”

ராஜாத்தி பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாள்.

தப்பு மேளம் முன்னால் போனது. அதற்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொப்பி. அதற்குப் பின்னால் எங்கிருந்தோ வேனில் கொண்டுவந்து இறக்கிய பெண்கள், தொப்பி. ஆண்டிபட்டிப் பக்கத்து ஆட்கள் போலிருக்கிறது, கோஷம் எந்த ஊர்ப் பேரைச் சொல்லி முடிகிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் திறந்த ஜீப். அதில் கண்ணாடி போட்ட அதிகாரியும் கர்ணனும் உட்கார்ந்திருக்க, அக்கம்மாள் பொன்னாடையோடு நின்றபடி மைக்கில் பேசிக்கொண்டு வந்தாள். நன்றி எல்லாம் முறையாகச் சொன்னாள். கடை என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

பேரணி எல்லைக்கல்லில் முடிவதாக ஏற்பாடு. கல்லுக்கு அங்கிட்டு, சாக்குப் போட்ட பலகையும் வெள்ளையடித்த கொட்டகையும் நின்றன. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் நடக்க எல்லோரையும் நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

மேளம் திடீரென்று தடுமாறி நின்றது.

எல்லைக்கல்லை ஒட்டி, ரோட்டின் நடுவில் ராஜாத்தி நின்றாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. இடுப்பில் அந்த மண்பானை. பம்புசெட்டுத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் சுண்ணாம்பு முழுசாகப் போகவில்லை. தோட்டத்துப் பெண்கள் முத்துலட்சுமியோடு பந்தல் ஓரமாக வந்து நின்றார்கள். ஒருத்தி தலையிலும் தொப்பி இல்லை.

“யாரது? என்ன வேணுமாம்?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க சார், நம்ம வீட்டுப் பிள்ளைதான்” என்று கர்ணன் ஜீப்பிலிருந்து குதித்தான்.

அக்கம்மாள் பானையைப் பார்த்தாள். அவளுடைய கண் அதிலேயே நின்றது. எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பானையைத் தன் கையாலேயே மருமகளின் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறாள். பொன்னாடை போர்த்திய பிறகும் சில பழக்கங்கள் உடம்பை விட்டுப் போவதில்லை. மைக் வாயருகே இருப்பதை மறந்து அவள் கேட்டுவிட்டாள்.

“யாரு மேலடி?”

ஒலிபெருக்கி அந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொட்டியது. திராட்சைப் பந்தலில் இருந்த குருவிகள் கிளம்பின.

ராஜாத்தி கர்ணனைப் பார்த்தாள். ராத்திரி எங்கே படுப்போம் என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு பானையை இடுப்பில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“ஒங்க மேலதான் அத்தை.”

கர்ணன் நடந்து வந்தவன் நின்றுவிட்டான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

முத்துலட்சுமி பந்தலை விட்டு இறங்கி வந்தாள். தோட்டத்திலேயே மத்தியானக் கஞ்சி காய்ச்ச முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரிசியை அவிழ்த்தாள். ஒரு பிடி எடுத்துப் பானைக்கு மேலே பிடித்தாள். பதிலைக் காது குளிரக் கேட்டாகிவிட்டது. அதனால் அவள் எதுவும் கேட்கவில்லை. அரிசி விழுந்தது. வெறும் பானையில் விழுகிற அந்தச் சத்தத்தைத் தோட்டத்துப் பெண்கள் பல வருஷம் கழித்துக் கேட்டார்கள். ஒவ்வொருத்தியாக முந்தானையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

ஜீப்பின் மேல் அக்கம்மாள் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அவளுடைய வலது கை மெல்ல விரிந்தது. ஆறாத சூட்டுப் புண்ணை அவளே குனிந்து பார்த்தாள்.

“ஆத்தா, ஏதாச்சும் சொல்லிச் சமாளி” என்று கீழேயிருந்து கர்ணன் கெஞ்சினான்.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கம்மாள் ஜீப்பிலிருந்து இறங்க ஒரு காலைக் கீழே நீட்டினாள். எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் போவாள் என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரியவில்லை.